முத்திரை வைத்த துறவறம்

சீநிங் முதலாம் ஆண்டு, முதல் மாதம், பதினாறாம் நாள்

விளக்குத் திருவிழா நேற்றோடு முடிந்தது. இன்று காலை வட்டக் கச்சேரியிலிருந்து எழுத்தர் சூய் வந்து என் வாத்துகளை எண்ணினார்.

நம் சோங் அரசாங்கம் எதையும் எண்ணாமல் விடாது. நிலம், மல்பெரி மரம், எருமை, ஏர், வளர்ந்த ஆண்கள் எல்லாம் பதிவேட்டில் ஏறும். வாத்து வரிசையில் நிற்காது என்பது மட்டும் தலைநகரில் யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. சூய் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் வேறு வேறு தொகை. கடைசியில் 'நிறைய' என்று எழுதிக்கொண்டு நிமிர்ந்தவர் என் கூரையைப் பார்த்தார்.

போன அறுவடைக்குப் பிறகுதான் வைக்கோலைப் பிரித்துவிட்டு ஓடு போட்டேன். எங்கள் ஊர் நாணல்துறையில் ஓட்டு வீடு மொத்தம் மூன்று. வேண்டாம் என்று என் மனைவி லியூ சொன்னாள். போகிறவன் வருகிறவன் எல்லாம் அண்ணாந்து பார்க்கட்டும் என்றேன். பார்த்துவிட்டார்.

"முதல் தரக் குடும்பம்" என்றார் சூய்.

"ஐயா, ஓடுதான் முதல் தரம். உள்ள இருக்கிறவங்க எல்லாம் நாலாந்தரம்."

"புத்தாண்டோட உங்க பையனுக்கு இருபது ஆச்சில்ல? அப்ப வீட்ல வளர்ந்த ஆம்பளை ரெண்டு பேர். முதல் தரம், ரெண்டு ஆள். இந்த வருஷம் அரிசிப் படகு முறை உங்களுது, வெய் அண்ணே."

யார் போக வேண்டும் என்று கேட்டேன். ஏதோ சொன்னார். வாத்துகள் கத்திய கத்தலில் காதில் விழவில்லை.

எனக்கு என் பையன் ஆஷுன் நினைப்புதான் வந்தது.

முதல் மாதம், பதினெட்டு

அரிசிப் படகு என்றால் என்ன என்று எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது படித்தால் 'இவன் ஏன் இப்படிப் பைத்தியக்காரத்தனம் செய்தான்' என்று கேட்பார்கள் அல்லவா.

அறுவடை வரியாக வரும் அரசாங்க அரிசியைப் பதினோரு படகில் ஏற்றித் தலைநகருக்கு அனுப்புவார்கள். காவலுக்கு ஊரில் ஒரு முதல் தரக் குடும்பத்திலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். கூலி கிடையாது, கௌரவம் உண்டு. அரிசி நனைந்தால், அழுகினால், எலி தின்றால் காவல் போனவன் ஈடு கட்ட வேண்டும். தாங் என்பவர் ஒரு காலத்தில் ஊரிலேயே பெரிய வீட்டுக்காரர். அவர் கொண்டுபோன அரிசி நனைந்து முளை விட்டது. இப்போது அவர் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு போன ஷாவ் தண்ணீர் சுமக்கக்கூடத் திரும்பி வரவில்லை. கருங்கல் வளைவில் படகு கவிழ்ந்துவிட்டது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். வாத்து வளர்க்கிற எனக்கு நீச்சல் தெரியாது. முகம் கழுவும் தொட்டியில் தண்ணீர் ஆடினாலே எனக்குத் தலை சுற்றும். ஆனால் பேச்சு என்னைப் பற்றி இல்லையே.

ஆஷுன் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "நான் போறேன்ப்பா. தலைநகரைப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றான்.

"வாயை மூடு" என்றேன். அப்பாவின் கவலை பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

முதல் மாதம், இருபத்தேழு

மழை. வாத்துகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இரண்டாம் மாதம், ஒன்பது

சந்தையில் எழுத்தர் சூயைப் பிடித்து இரண்டு குடுவை சூடான மதுவும் வறுத்த காடையும் வாங்கிக் கொடுத்தேன். காடையின் எலும்பைக்கூட விடாமல் தின்று முடித்த பிறகுதான் சட்டம் பேச ஆரம்பித்தார்.

"பாருங்கண்ணே, வீட்ல ஒரே ஒரு வளர்ந்த ஆம்பளை இருந்தா அந்த வீட்டுக்குப் படகு முறை கிடையாது. அவனும் போயிட்டா நிலத்தை யார் உழுறதுன்னு அரசாங்கத்துக்கே ஒரு கருணை."

"எங்க வீட்ல ரெண்டு பேராச்சே."

"ஒருத்தரைக் குறைங்க."

"எப்படிய்யா குறைக்கிறது?"

"சாகலாம். நீங்க செத்தா சட்டம் ஒத்துக்கும். வடக்குப் பக்கம் ஒரு அப்பன் புள்ளைக்காக தூக்கு மாட்டிக்கிட்டான். ரொம்ப சுத்தமான வழி, மனுகூட எழுத வேண்டாம்."

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். சூய் குனிந்து சட்டைக்குள்ளிருந்து மடித்த மஞ்சள் தாளை எடுத்தார். துறவறச் சீட்டு. அரசாங்க முத்திரை இருந்தது, அமைச்சகத்தின் கையெழுத்து இருந்தது, பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. ஏதோ கரை உடைந்ததாம், அதைக் கட்டப் பணம் வேண்டுமாம். அதனால் இந்த வருஷம் அரசாங்கமே பிக்குகளை இப்படிக் கட்டாக அச்சடித்து விற்கிறது. வாங்கிப் பெயர் எழுதிக்கொண்டு மொட்டை போட்டால் அந்த நொடியே பதிவேட்டிலிருந்து ஆள் கழிந்தான். வரி இல்லை, வேலை இல்லை, படகு இல்லை.

"புத்தர் ஒத்துக்குவாரா?" என்று கேட்டேன்.

"முத்திரை இருக்கில்ல" என்றார் சூய்.

முப்பது மல்பெரி மரமும் எருமையும் போயின.

இரண்டாம் மாதம், பன்னிரண்டு

லியூவிடம் சொன்னேன். அவள் அப்போது முட்டைகளுக்கு உப்பும் சாம்பலும் பூசிக்கொண்டிருந்தாள்.

"யாரு சாமியாராகறது?"

"நான்தான்."

"நீங்களா?"

"ஏன், மொட்டை போட்டா எனக்கு நல்லா இருக்காதா?"

"கறி இல்லாம ஒரு வேளை சோறு இறங்காது உங்களுக்கு. காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கற வரைக்கும் வாய் ஓயாது. பல்லிக்குப் பயம். பேய்க்குப் பயம். நீங்க போய் ஊருக்கு மோட்சம் வாங்கித் தரப்போறீங்களா?"

"எல்லாம் ஆஷுனுக்காகத்தான்" என்றேன்.

முட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எருமையை வித்தாச்சா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். "அப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க" என்று அடுத்த முட்டையை எடுத்தாள்.

சட்டப்படி துறவிக்கு மனைவி கிடையாது. சீட்டில் பெயர் ஏறுகிற அன்றே எங்கள் கல்யாணம் முறிந்துபோகும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள்: "இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பதான் தொல்லை விட்டுது."

இரண்டாம் மாதம், இருபது

மொட்டை. குன்றின் மேலிருக்கும் மடத்தின் பெரிய பிக்கு சிங்குவாங் தன் கையாலேயே மழித்தார். வயது எழுபதுக்கு மேல், கை நடுங்கியது. காது தப்பியது.

எனக்கு 'பேரமைதி' என்று துறவுப் பெயர் வைத்தார். அதைக் கேட்டு என் மகன் சிரித்தான். பெரிய பிக்கு சிரிக்கவில்லை. "இவன் மலை ஏறி வரும்போதே பேச்சுச் சத்தம் கேட்டுது. மருந்து நோய்க்குத் தக்கபடிதான் இருக்கணும்" என்றார்.

கடைசியாக ஒருமுறை வாத்துகளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மொட்டைத் தலையைப் பார்த்ததும் அத்தனையும் கூட்டமாகக் குளத்தின் அக்கரைக்கு ஓடிவிட்டன.

இரண்டாம் மாதம், இருபத்தெட்டு

மடத்தில் பதினோரு பேர். என்னையும் சேர்த்து ஏழு பேர் சீட்டு வாங்கி வந்தவர்கள். ஒருவர் உப்பு வியாபாரி. அவரைத் தேடி இரண்டு மாகாணத்தில் ஆள் அலைகிறது. ஒருவர் மாமியாருக்குப் பயந்து வந்தவர். மற்றவர்கள் என்னைப் போலக் கூரைக்கு ஓடு போட்டவர்கள். சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் ஓட்டின் விலையைப் பற்றிப் பேசுகிறோம்.

மடத்துக்கு ஒரு மாவு ஆலையும் ஆற்றங்கரையில் நல்ல நிலமும் இருக்கின்றன. குத்தகை வசூலுக்குப் போகும்போது உப்பு வியாபாரி ஜபமாலையை உருட்டிக்கொண்டே போகிறார். யாரும் பாக்கி வைப்பதில்லை.

உணவு: முள்ளங்கி.

மூன்றாம் மாதம், நான்கு

முள்ளங்கி.

மூன்றாம் மாதம், ஏழு

இன்று என்னைச் சாவு வீட்டுக்கு மந்திரம் சொல்ல அனுப்பிவிட்டார்கள். மூத்தவர்கள் எல்லோருக்கும் வேறு சாவு இருந்தது. எனக்கு ஒரு மந்திரமும் முழுதாக வராது. சவப்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மணியை அடித்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்று குளிர்காலம் படித்ததில் எனக்கு மனப்பாடமாகத் தங்கியது பெருக்கல் வாய்ப்பாடு ஒன்றுதான். அதையே இழுத்து இழுத்து, மூக்கால், ராகமாகச் சொன்னேன். 'ஒன்பது ஒன்பது எண்பத்தொன்று' வரும்போது இறந்தவரின் மூத்த மருமகள் விசும்பி விசும்பி அழுதாள். பெரிய கூடை நிறைய அத்திப்பழம் கொடுத்து அனுப்பினார்கள்.

பெரிய பிக்குவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"ஏழாம் வாய்ப்பாடு தப்பில்லாம சொன்னியா?" என்றார்.

"சொன்னேன் சாமி."

"அப்ப புண்ணியம் போய்ச் சேர்ந்திருக்கும்" என்று ஓர் அத்திப்பழத்தை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம், பதினொன்று

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய பிக்கு தூங்குவார். வாத்துகளுக்குச் சீக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஆஷுன் வயலில் இருந்தான். வாத்துகளுக்கு ஒன்றுமில்லை. திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

மூன்றாம் மாதம், பதினைந்து

இன்றும் வாத்துகளைப் பார்க்கப் போனேன்.

மூன்றாம் மாதம், பதினெட்டு

வாத்து.

மூன்றாம் மாதம், இருபத்தொன்று

வாத்து. முள்ளங்கிச் சாதத்துக்கு அடியில் ஒளித்து வைத்து லியூ கொடுத்தனுப்பியதும் அதுவேதான்.

நான்காம் மாதம், பத்து

புத்தர் பிறந்தநாள் வேலை முடிந்து இரண்டு நாளாக இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்தர் சூய் மடத்துக்கு வந்து ஆள் கணக்குப் பார்த்தார். போகும்போது என்னைத் தனியாக அழைத்தார்.

"அண்ணே, மடத்து ஆளை ஊருக்குள்ள அடிக்கடி பாக்கறதா பேச்சு இருக்கு. மணியக்காரர் கோ கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். உங்க வீடு விலகிட்டதால படகு முறை இப்ப அவர் தலையில. நீங்க மாட்டினா அவர் தப்பிச்சார்."

ஊரிலுள்ள மற்ற இரண்டு ஓட்டு வீட்டில் ஒன்று கோவுடையது. இனி வாத்துகளைப் பார்க்கப் போவதில்லை.

ஆறாம் மாதம், மூன்று

லியூ மடத்துக்கு ஊதுபத்தி கொண்டுவந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. பெரிய பிக்கு கொடுத்த பிரசாதத்தை வாயில் வைத்ததும் தூணுக்குப் பின்னால் ஓடினாள். கடுகுக் கீரை ஊறுகாய் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி, ஜாடியை வெயிலில் காயவைக்கச் சொன்னேன்.

"ஆமா, ஊறுகாய்தான்" என்றாள் லியூ.

அவள் போன பிறகு பெரிய பிக்கு என்னிடம், "வாத்துங்க எல்லாம் சௌக்கியமா?" என்றார். சௌக்கியம் என்றேன். "பெருகும்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

ஆறாம் மாதம், நான்கு

ஊறுகாய் இல்லை.

ஏழாம் மாதம், இருபது

ஆஷுன் மலை ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. என்னை மணிக்கூண்டுக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"கோ மனு கொடுத்துட்டாருப்பா. புருஷன் இல்லாத பொம்பளை வயித்துல புள்ளையோட இருக்கா, ஊர் ஒழுக்கம் கெட்டுப் போச்சுன்னு எழுதியிருக்காரு. அம்மாவை எட்டாம் மாசம் ரெண்டாந்தேதி கச்சேரிக்கு வரச் சொல்லி ஓலை வந்திருக்கு."

"அம்மா என்ன சொல்றா?"

"எண்ணெய் விக்க வந்த ஒருத்தன்னு சொல்லப் போறாங்களாம். பேர் தெரியாது, ஊர் தெரியாது, போயிட்டான்னு."

"எண்ணெய்க்காரனா!"

"கத்தாதீங்கப்பா. அப்படிச் சொன்னா பிரம்படி அவங்களுக்கு மட்டும்தான். புள்ளை பொறந்த பிறகு அடிப்பாங்க. உங்க பேரைச் சொன்னா உங்க சீட்டு போயிடும், திரும்ப வீட்ல ரெண்டு ஆளாயிடும்."

எண்ணெய்க்காரன் எப்படி இருப்பான் என்று யோசித்தேன். கொஞ்சம் அழகான ஆளாகத்தான் கற்பனையில் வந்தான். எனக்கே கோபம் வந்தது.

"எனக்கு எல்லாம் தெரியும்ப்பா. வாத்தைப் பாக்க வர்றவரு வாத்துக் கொட்டாய்ப் பக்கமே போகலை" என்றான் ஆஷுன். இருபது வயது மகன் அப்பாவிடம் பேசுகிற பேச்சா இது.

ஏழாம் மாதம், இருபத்து நான்கு

லியூ மடத்து வாசலில் வந்து நின்றாள். வயிறு தெரிகிறது. வாசலில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த உப்பு வியாபாரி விளக்குமாற்றோடு மரியாதையாகத் தூரப் போனார்.

"நீ ஏன் அந்த எண்ணெய்க்காரனைச் சொல்லணும்?"

"வேற யாரைச் சொல்ல? சாமியாரைச் சொல்லவா?"

"ஊர்ல உன்னை என்ன பேசுவாங்க?"

"இப்ப மட்டும் என்ன, பாட்டுப் பாடறாங்களா? குளத்துல தண்ணி எடுக்கப் போனா கோ வீட்டம்மா குடத்தை நகத்தி வைக்கிறா. என் பின்னாலயே ரெண்டு சின்னப் புள்ளைங்க எண்ணெய் எண்ணெய்னு கூவிக்கிட்டு வருது." சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "நீங்க வாயைத் திறக்காம இருங்க. எனக்காக ஒரே ஒருதரம் பேசாம இருங்க. எல்லாம் ஆஷுனுக்காகத்தானே?"

"ஆமாம்" என்றேன்.

என் கண்ணையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்பதுதான் தெரியவில்லை. குனிந்து என் அங்கியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படி படியாக.

ஏழாம் மாதம், இருபத்தைந்து

எழுதிவிடுகிறேன். இந்தத் தாளை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

அன்றைக்கு எழுத்தர் சூய் சொன்னது காதில் விழுந்தது. வாத்துகள் கத்தத்தான் செய்தன, ஆனால் விழுந்தது. "குடும்பத் தலைவர்தான் போகணும், நீங்கதான் வெய் அண்ணே" என்றார். ஆஷுனை யாரும் கேட்கவே இல்லை. அவன் போகிறேன் என்று சொன்னபோதும் அவனை அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. போக வேண்டியவன் நான். பயந்தவன் நான். பயந்தவனுக்கு மொட்டை போட்டு அதற்கு மகன் பேரை வைத்தேன். முப்பது மரமும் ஓர் எருமையும் என் தோலுக்காகப் போயின.

இதைப் படித்துப் பார்த்தேன். கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். பெரிய பிக்கு வந்து "என்ன எழுதறே?" என்று கேட்டார். குற்றம் எழுதுகிறேன் என்றேன்.

"பெரிசா?"

"ரெண்டு தாள் வரும் சாமி."

"பரவாயில்லை. உப்பு வியாபாரி ஒரு கட்டு கேட்டிருக்கான்" என்றார்.

எட்டாம் மாதம், இரண்டு

கச்சேரி.

விடியும் முன்பே பெரிய பிக்குவை எழுப்பி விழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கினேன். எதற்குப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. "மழை வரும், குடை எடுத்துக்கோ" என்றார்.

கச்சேரி முற்றத்தில் லியூ மண்டியிட்டிருந்தாள். ஆஷுன் பக்கத்தில். எதிரே மணியக்காரர் கோ புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார். வட்ட அதிகாரி இளவயதுக்காரர். பெரிய பரீட்சை எல்லாம் தேறி வந்தவர், தும்மிக்கொண்டே இருந்தார்.

"பெண்ணே, சொல். யார்?"

லியூ வாயைத் திறக்கும் முன் நான் வேலியைத் தாண்டி உள்ளே விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன், அங்கி தடுக்கிவிட்டது.

"நான்தான் ஐயா!"

"ஏங்க!" என்றாள் லியூ. நாலு மாதம் கட்டிக்காத்த ரகசியம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

அதிகாரி என் மொட்டையைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார், பிறகு எழுத்தர் சூயைப் பார்த்தார். சூய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ துறவி. யாரோடு தப்பு செய்தாய்?"

"என் மனைவியோடதான் ஐயா."

"துறவிக்கு மனைவி கிடையாது."

"தெரியும் ஐயா. அதனாலதான் தப்பு."

அதிகாரி தும்மினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "சூய், சொந்த மனைவியைக் கெடுத்தவனுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். சூய் மூன்று புத்தகம் புரட்டினார். தனியாக ஒன்றும் இல்லை, பொதுவாகத் துறவி ஒழுக்கம் தவறிய கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்றார்.

"மொட்டை எதற்குப் போட்டாய்?"

ஆஷுன் என்னைப் பார்த்தான். மகனுக்காக என்று சொல்லியிருந்தால் அதிகாரிக்கு மனம் இளகியிருக்கும். அப்பன் பாசம் என்றால் படித்தவர்கள் உருகுவார்கள். வாய் வரைக்கும் வந்தது.

"படகுக்குப் பயந்து ஐயா. முறை என்னுது. எனக்கு நீச்சல் தெரியாது. கருங்கல் வளைவுன்னு கேட்டாலே எனக்கு வயித்தால போகும். பையனுக்காகன்னு ஊருக்குச் சொன்னேன், வீட்டுக்குச் சொன்னேன். பொய். இவ மேல எந்தத் தப்பும் இல்லை. எண்ணெய்க்காரன்னு யாரும் வரலை."

கோ தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சீட்டைப் பிடுங்கிக் குறுக்கே கறுப்புக் கோடு போட்டார்கள். இருபது பிரம்படி. லியூவுக்கு எதுவும் இல்லை. பத்து நாளுக்குள் நான் அவளை முறைப்படி மணந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பு. கடைசியாக அதிகாரி பதிவேட்டைப் பார்த்து, "இனி இந்த வீட்டில் இரண்டு ஆள். படகு முறைக்கு யார் பெயர்?" என்றார்.

"சட்டப்படி குடும்பத் தலைவர்" என்றார் சூய், மெதுவாக, என்னைப் பார்க்காமல்.

"எழுதுங்க ஐயா" என்றேன். "இந்த முறை நல்லாவே கேட்டுது."

எட்டாம் மாதம், ஐந்து

குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆஷுன் மருந்து பூசினான்.

"வலிக்குதாப்பா?"

"மெதுவாடா."

"அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து ஏதாவது யோசிச்சிருக்கலாம்ல?"

"என்ன யோசிச்சிருப்போம்?"

"உங்களுக்கு நீச்சல் கத்துக் கொடுத்திருப்பேன்" என்றான்.

எட்டாம் மாதம், பன்னிரண்டு

கல்யாணம். கல்யாணப் பேச்சுக்கு இடையில் ஒரு தரகுக்காரி வேண்டும் என்பது வழக்கம். இந்த ஊரில் தரகு வேலை பார்ப்பது கோ வீட்டம்மாதான். வேறு வழியில்லாமல் அவளே வந்தாள். கண்ணை நிமிர்த்தவில்லை. லியூ அவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தாள்.

"மாப்பிள்ளைக்கு என்ன வயசு?"

"நாப்பத்தஞ்சு" என்றாள் கோ வீட்டம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"சொத்து?"

"வாத்து இருக்கு. எருமை இல்லை."

"குணம்?"

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோ வீட்டம்மா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "கச்சேரியில நான் இருந்தேன்" என்றாள். "உண்மையைச் சொல்ற ஆளுதான். தாமதமா சொல்லுவார்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டாள் லியூ. அந்தி வரைக்கும் யோசித்தாள். எனக்கு வியர்த்துப் போயிற்று. ஆஷுன்தான் பெண்ணைக் கொடுத்தவன். என் கையில் அவள் கையை வைக்கும்போது என் காதில், "பத்திரமா பாத்துக்கோங்க மாப்பிள்ளை" என்றான்.

எட்டாம் மாதம், இருபத்தெட்டு

குளத்தில் ஆஷுன் என் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து மிதக்க வைக்கிறான். வாத்துகள் சுற்றி நின்று பார்க்கின்றன. ஒரு குடம் தண்ணீர் குடித்தேன்.

ஒன்பதாம் மாதம், பதினைந்து

நாலு முழம் நீந்தினேன். மூன்று முழம் என்கிறான் ஆஷுன்.

பத்தாம் மாதம், ஆறு

இன்று படகு கிளம்பியது. லியூ கரைக்கு வரவில்லை. ஏழு மாதம், சரிவில் இறங்க முடியாது. வாசலிலேயே வைத்து என் இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கைகள் இரண்டைக் கட்டிவிட்டாள். விழுந்தால் மிதக்குமாம். "கௌரவமா இருக்கா?" என்று கேட்டேன். "இல்லை. ஆனா கட்டிக்கிட்டே இருங்க" என்றாள். கயிற்றை மூன்று முடிச்சுப் போட்டாள். மூன்றாவது முடிச்சில் அவள் கை நின்றுவிட்டது.

அரிசி மூட்டைகளின் மேல் பாயை விரித்து, அதன் மேல் நான். காலை முழுவதும் வாந்தி. முளை விடுகிறதா என்று மூன்று மூட்டையில் கை விட்டுப் பார்த்தேன்.

பத்தாம் மாதம், பத்தொன்பது

நாளைக் காலை கருங்கல் வளைவு. படகோட்டிகளின் தலைவன் கரிய முகத்துக்காரன். ஒரு காது இல்லை. என் தலையில் முடி விரல் நீளத்துக்குத்தான் வளர்ந்திருக்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான்.

"சாமியாரா இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஏன் விட்டீங்க?"

ஊறுகாய், எண்ணெய்க்காரன், மகன், சட்டம் என்று எத்தனையோ சொல்லலாம். எல்லாப் படகிலிருந்தும் காது நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என் பொண்டாட்டி முழுகாம இருக்கா" என்றேன், பதினோரு படகுக்கும் கேட்கிற மாதிரி. "என் புள்ளைதான்."

முதல் படகில் தொடங்கிய சிரிப்பு கடைசிப் படகு வரைக்கும் போயிற்று. காது இல்லாதவன் மதுக் குடுவையை என் பக்கம் தள்ளினான். வளைவில் எந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று இடத்தைக் காட்டினான். அங்கேதான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக வருகிறது.